வளைவுக்கு அந்தப் பக்கம் யாரு? மலைப்பாதைக்கு அக்காவின் டிப்ஸ்

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு வந்ததுமே போர்டு ஆரம்பிச்சுடும். கியரைக் குறை, ஹாரன் அடி, முந்தாதே, குரங்குக்குத் தீனி போடாதே. எல்லாம் கீழேயிருந்து வண்டியில வர்றவங்களுக்கு. எஸ்டேட் லைன் வீட்டுலேருந்து படி ஏறி மெயின் ரோட்டைப் பிடிச்சு, பஸ் ஸ்டாப் வரைக்கும் தார் ஓரத்துலயே நடக்கிற நமக்கு ஒரு போர்டும் கிடையாது. எத்தனை கார் மலை ஏறலாம்னு ஐகோர்ட்டே கணக்கு சொல்லிடுச்சு. 2025 கோடை சீசனுக்கு வார நாள்ல 6,000, சனி ஞாயிறுல 8,000. நடக்கிறவங்களை எண்ண யாரும் உட்காரலை. அதனால இந்தத் தடவை அக்காவோட டிப்ஸ் அடுப்படிக்கு இல்லை, ரோட்டோரத்துக்கு.

ஒரே ஒரு புள்ளிவிவரம் சொல்லிட்டு விஷயத்துக்கு வந்துடறேன். 2022-ல நம்ம நாட்டுல ரோடு விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல நூத்துக்கு 44 பேர் டூவீலர்ல போனவங்க. கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் நடந்து போனவர். விபத்துன்னா நொறுங்கின கார் போட்டோதான் பேப்பர்ல வருது. செத்ததுல பாதிக்கு மேல காருக்குள்ளேயே உட்காராதவங்க.

எந்த ஓரம் நம்ம ஓரம்?

பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தது வலது ஓரம். நடைபாதை இல்லாத ரோட்டுல வலது பக்கமா நடந்தா எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும், பின்னால வர்றது அந்தப் பக்கமா போயிடும். சமவெளிக்கு இது போதும். மலைக்குப் போதாது.

குன்னூர் – கோத்தகிரி ரோட்டுல ஏதாவது ஒரு வளைவை மனசுல வெச்சுக்கோ. ஒரு பக்கம் வெட்டின மண் சுவர், அது மேல உண்ணிச்செடி தொங்குது. மறுபக்கம் சரிவு, தேயிலை. நீ வலது ஓரமா போறே, ரோடும் வலது பக்கமே திரும்புது. எதிர்ல வர்ற கார் அந்த மண் சுவரை உரசுற மாதிரிதான் வரும். சுவரும் செடியும் மறைக்கிறதால, டிரைவர் உன்னைப் பார்க்கிறப்போ பிரேக் போட இடமே இருக்காது. அதனால ரோடு வலது பக்கம் திரும்பப் போகுதுன்னு தெரிஞ்சதுமே, வளைவுக்கு முன்னாடியே, ரெண்டு பக்கமும் நல்லாத் தெரியற நேர் துண்டுல இடது ஓரத்துக்கு மாறிடு. வெளிவளைவுல நடக்கிற ஆள் ரெண்டு பக்க டிரைவருக்கும் சீக்கிரமே கண்ணுல படுவாங்க. வளைவு முடிஞ்சதும் திரும்ப வலது ஓரம். எக்காரணம் கொண்டும் வளைவோட நடுவுல ரோட்டைக் கடக்காதே, அந்தப் பக்கம் பஸ் நின்னுக்கிட்டு உன்னைக் கூப்பிட்டாலும்.

கொண்டை ஊசி வளைவு வேற கதை. மேட்டுப்பாளையத்துலேருந்து குன்னூர் வரைக்கும் 14 இருக்கு. பஸ்ஸோ லாரியோ அதுல திரும்புறப்போ கொஞ்ச நேரம் தள்ளி நின்னு பாரு. முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் போகாது. உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும், சில சமயம் தாரை விட்டு இறங்கி மண்ணுலயே ஏறும். அதே நேரத்துல பஸ்ஸோட பின்முனை வெளிப்பக்கமா வீசும். உள்முனையில நின்னா சக்கரம், வெளிப்பக்கம் தடுப்புக் கம்பியை ஒட்டி நின்னா பின்முனை. ரெண்டுமே நிக்கிற இடம் இல்லை. பெரிய வண்டி உறுமுற சத்தம் கேட்டா வளைவுக்குள்ள கால் வைக்காம நேர் ரோட்டுலயே நின்னு, அது போனப்புறம் போ. ரெண்டு நிமிஷம் லேட்டானா மேஸ்திரி ரெண்டு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான்.

ஒதுங்குறதுலயும் ஒரு பக்குவம் இருக்கு. மண் சுவர் ஓரத்துல தண்ணி போற கால்வாய் இருக்கும். மழைக்காலத்துல புல் அதை அப்படியே மூடிடும். அவசரத்துல காலை விட்டா கணுக்கால் போச்சு. குடையை முன்னால ஊன்றிப் பார்த்துட்டு ஒதுங்கு. கூட்டமா போனா ஒருத்தர் பின்னால ஒருத்தரா போங்க. பேச்சு பஸ் ஸ்டாப்ல வெச்சுக்கலாம். குழந்தையை விரல் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாதே, மணிக்கட்டைப் பிடி, வண்டி வராத பக்கமா நடக்க வை. தலையில இலை மூட்டை இருந்தா பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது, சட்டுனு திரும்பவும் முடியாது. மூட்டை இல்லாத ஒருத்தர் முன்னால போய் வளைவைப் பார்த்துச் சொல்லட்டும்.

காதுல ஒண்ணும் மாட்டாதே. இறக்கத்துல வர்ற கார் எஞ்சின் சத்தமே இல்லாம வரும். இப்போ எலெக்ட்ரிக் வண்டி வேற.

மேகம் இறங்கினா

பட்டப்பகல்லயே மேகம் வந்து ரோட்டுல உட்கார்ந்துடற ஊரு நம்மளது. அப்போ பார்த்து நாம போட்டிருக்கிறது என்ன? கறுப்பு சால்வை, மெரூன் ஸ்வெட்டர், கரும்பச்சை ரெயின்கோட், கறுப்புக் குடை. தேயிலைத் தோட்டத்துல ஒளிஞ்சு விளையாட இதைவிட நல்ல உடுப்பு கிடைக்காது.

இருட்டுக்கும் மேகத்துக்கும் வைத்தியம் வேற வேற. இருட்டுல வேணுங்கிறது ரிஃப்ளெக்டர் டேப், அதாவது லைட் பட்டா திருப்பி அடிக்கிற வெள்ளிப் பட்டை. டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில ஸ்டிக்கராக் கிடைக்கும். துணியில வெச்சுத் தைக்கிறதும் இருக்கு, செக்யூரிட்டிக்காரங்க ஜாக்கெட்டுல பார்த்திருப்பே. எங்கே ஒட்டணும்கிறதுதான் முக்கியம். டிம்ல வர்ற ஹெட்லைட் முதல்ல படறது முழங்காலுக்குக் கீழே. அதனால செருப்பு, கம்பூட்ஸோட பின்பக்கம், கணுக்கால், பையோட அடிப்பக்கம். கால் நடக்க நடக்க ஆடறதால, அது மைல்கல் இல்லை மனுஷன்னு டிரைவருக்கு உடனே புரியும். முன்னாலயும் ஒண்ணு, பின்னாலயும் ஒண்ணு. மலைப் பகுதிப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் இலவசமாக் குடுக்கிற ரெயின்கோட், பூட்ஸ் மேல ஆளுக்கு ரெண்டு துண்டு ஒட்டிவிட்டா ஒரு வருஷக் கவலை விட்டுது. ஃபின்லாந்துல இருட்டுல ரோட்டுல நடக்கிறவங்க ரிஃப்ளெக்டர் போடணும்னு சட்டமே இருக்கு. அங்கே பாட்டிமார்கூட கோட்டுல ஒண்ணைத் தொங்கவிட்டுக்கிட்டுப் போவாங்க.

பகல் மேகத்துல அந்த டேப் மட்டும் போதாது, ஏன்னா லைட் போடாம வர்ற கார் நிறைய. அப்போ உதவறது பளிச்னு ஒரு நிறம். மஞ்சள் குடை, ஆரஞ்சு ஸ்கார்ஃப். வெள்ளையும் சாம்பலும் மேகத்தோட மேகமாயிடும். டார்ச் இருந்தா உன் காலடிக்கு முன்னால தரையில அடி. டிரைவர் கண்ணுல அடிச்சா அவருக்கு நீயும் தெரியமாட்டே, ரோடும் தெரியாது.

இன்னொரு விஷயம். மலைப் பகுதி சாதாரண பஸ்லயும் பெண்களுக்கு 2024-லேருந்து டிக்கெட் இல்லை. ‘ரெண்டு ஸ்டாப்புக்கு எதுக்கு பஸ்’னு பொழுது சாயுற நேரத்துல நடக்கிற பழக்கத்தை இனி விட்டுடலாம். ஆனா வளைவுலயே கை காட்டி பஸ்ஸை நிறுத்தாதே. பின்னால வர்ற பைக்காரன் நின்ன பஸ் மேல வந்து மோதுவான்.

ஸ்கூட்டி வாங்கின தங்கச்சிக்கு

எஸ்டேட் ஆபீஸ் வேலைக்கும் நர்ஸிங் டியூட்டிக்கும் ஸ்கூட்டியில போற பொண்ணுங்களைப் பார்த்தா எனக்கு அவ்வளவு சந்தோஷம். இது அவங்களுக்கு.

ஏறும்போது எல்லாரும் நல்லா ஓட்டுவாங்க. இறங்கும்போதுதான் வண்டி யாருன்னு காட்டும். கியர் பைக்னா விதி சுலபம்: எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல இறங்கு. எஞ்சினே வண்டியைப் பிடிச்சு வைக்கும், பிரேக்குக்கு வேலை பாதி. நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு அண்ணன்மார் சொல்வாங்க, கேட்காதே. இப்போ வர்ற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில, கியர்ல போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினா எஞ்சின் பெட்ரோலைத் தானே நிறுத்திக்கும். நியூட்ரல்லதான் சும்மா ஓடி எரிக்கும்.

கியர் இல்லாத ஸ்கூட்டிக்கு இந்த வசதி குறைவு. வேகம் ரொம்பக் குறைஞ்சு ஆக்சிலேட்டரும் மூடியிருந்தா உள்ளே கிளட்ச் விட்டுடும். வண்டி சும்மா உருளும், முழுப் பாரமும் பிரேக் மேல வரும். லேசா ஒரு தடவை ஆக்சிலேட்டரைத் தொட்டு விட்டா கிளட்ச் பிடிச்சுக்கும், எஞ்சின் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது உனக்கே தெரியும். பிரேக்கை இறக்கம் முழுக்க அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே வராதே. வளைவுக்கு முன்னால ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி, வேகத்தைக் குறை, விடு, திரும்பு. வளைவுக்குள்ள முன் பிரேக்கைச் சட்டுனு பிடிச்சா ஈர ரோட்டுல சக்கரம் வழுக்கிடும். கருகின வாடை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ ஓரங்கட்டி நிறுத்திடு. டிரம் சூடாறட்டும். சூடான டிரம்ல தண்ணி ஊத்தாதே.

கல்லட்டி பாதைக்குத் தனியா ஒரு பாரா. ஊட்டியிலேருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி. 2018-ல சென்னைக்காரங்க கார் பள்ளத்துல விழுந்து அஞ்சு பேர் இறந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் வெளியூர் வண்டிகளை அந்த வழியா இறங்க விடறதில்லை. நம்ம நீலகிரி டி.என். 43 பிளேட் இருந்தா செக்போஸ்ட்ல விடுவாங்க, சரி. நம்பர் பிளேட்டைப் பார்த்து பிரேக் ஒண்ணும் கூடுதலாப் பிடிக்காது. அவசரமில்லைன்னா அந்த வழியில ஸ்கூட்டியில இறங்காதே, பஸ்ல போ.

ரெண்டு வண்டி போக இடமில்லாத ஏத்தத்துல, ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. அது சட்டம், மரியாதை மட்டும் இல்லை. இறங்குறவங்க நின்னு விடணும். சுற்றுலா வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது, அதனால உனக்கு உரிமை இருந்தாலும் மல்லுக்கு நிக்காதே. ஹாரனை வளைவுக்கு முன்னாலேயே ஒரு தடவை நீளமா அடி. வளைவுக்குள்ள போய் அடிக்கிற ஹாரன் யாருக்கும் பிரயோஜனமில்லை. இருட்டுல ஹாரனுக்குப் பதிலா டிம்-பிரைட் போட்டுக் காட்டு. மேகத்துல மட்டும் பிரைட் வேண்டாம், வெளிச்சம் திரும்பி உன் கண்ணுலயே அடிக்கும்.

வழுக்கற இடங்களை மனப்பாடம் பண்ணிக்கோ. முழு டேங்க் போட்ட லாரி கொண்டை ஊசியில திரும்புறப்போ டீசல் சிந்தும். ஈரத்துல வானவில் மாதிரி மினுக்கினா அது மேல சாயாதே. நனைஞ்ச கற்பூர மர இலை, வெயிலே படாத வளைவுப் பாசி, ரோட்டுல அடிச்ச வெள்ளைக் கோடு. டிசம்பர், ஜனவரி விடியக்காலையில ஊட்டிப் பக்கம், தலைகுந்தா மாதிரி இடத்துல உறைபனி வேற. வெயில் வந்தப்புறம் கிளம்ப முடிஞ்சா கிளம்பு.

ஹெல்மெட் பின்னால உட்கார்றவங்களுக்கும் சேர்த்துத்தான். ஒன்பது மாசத்துலேருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு ஓட்டறவங்களோட சேர்த்துக் கட்டற பெல்ட்டும் சின்ன ஹெல்மெட்டும் வேணும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாதுன்னு 2023 பிப்ரவரியிலேருந்து விதி இருக்கு. ஹெல்மெட் கண்ணாடி ஆவி பிடிச்சா ஒரு விரல் அளவு திறந்து வை. சால்வை, முந்தானை, துப்பட்டா எல்லாத்தையும் ஸ்வெட்டருக்குள்ள சொருகினப்புறம்தான் ஸ்டார்ட் பட்டன்.

சைக்கிள் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினொண்ணாம் வகுப்புல அரசாங்கம் குடுக்கிற சைக்கிள் நம்ம ஏத்தத்துக்கு லாயக்கில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். 2008-லேருந்து டிசம்பர்ல ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’காரங்க கல்லட்டியே மிதிச்சு ஏறுறாங்க, அவங்க சைக்கிள் வேற, தொடை வேற. தம்பி சமமான ரோட்டுல ஓட்டினா பிரேக் கட்டையைப் பார்த்து மாத்திக் குடு, பின்னால ஒரு சிவப்பு லைட் போடு. பெரிய இறக்கத்துல இறங்கித் தள்ளிட்டு வர்றது கெளரவக் குறைச்சல் இல்லை.

நம்ம ரோட்டுல நடக்கிற மத்தவங்க

காட்டெருமை பகல்லயே டவுனுக்குள்ள வருது. பழகின மாதிரி தோணும், பழகாது. தனியா நிக்கிற பெரிய ஆண் மாடும், கன்னு வெச்சிருக்கிற தாயும்தான் ரொம்ப ஆபத்து. கூட்டத்துக்கும் கன்னுக்கும் நடுவுல போயிடாதே. ஹாரன் அடிக்காதே, கல் எறியாதே, டார்ச் அடிக்காதே. வந்த வழியே மெதுவாப் பின்வாங்கு. ஒண்ணு ரோட்டைத் தாண்டிடுச்சுன்னா அடுத்தது வருதான்னு நின்னு பார்த்துட்டு வண்டியை எடு. கரடி பொழுது சாயற நேரத்துல தேயிலைக்குள்ள குனிஞ்சிருக்கும், பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. ஒத்தையடிப் பாதையில போறப்போ சத்தமாப் பேசிக்கிட்டே போங்க, எதிர்பாராம எதிர்ல போய் நிக்கிறதுதான் அதுக்குக் கோபம்.

பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனை, பர்லியார் பக்கம் யானை இறங்கும். கூடலூர், பந்தலூர்ல அதுக்கு சீசனே இல்லை. பந்தலூர்ல 2024 ஜனவரியில மூணு வயசுக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிட்டுப் போன செய்தி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இருட்டுறதுக்கு முன்னாலகூடக் குழந்தைங்களைத் தனியா கடைக்கு அனுப்பாதீங்க. வால்பாறை தோட்டங்கள்ல ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. யானை எங்கே நிக்குதுன்னு போனுக்கு மெசேஜ் வரும், உயரமான இடத்துல சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்து ஜனங்க வழி மாத்திப் போவாங்க. 2011 வாக்குல அங்கே ஆரம்பிச்சது. சிவப்பு விளக்கு வர்ற வரைக்கும் நம்ம லைன்ல ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும். காலையில முதல்ல கிளம்புறவங்க ‘பாதை க்ளியர்’னு ஒரு வரி போடட்டும். குட்மார்னிங் பூப் படத்துக்கு வேற குரூப் வெச்சுக்கலாம்.

விடாத மழை பெஞ்சா மண்ணும் நடக்கும். 2009 நவம்பர்ல சரிவுகள் இறங்கி நம்ம மாவட்டத்துல 40 பேருக்கு மேல போயிட்டாங்க. சுவருலேருந்து சின்னக் கல் உருண்டுக்கிட்டே இருந்தா, தெளிஞ்ச ஊத்து திடீர்னு கலங்கி வந்தா, மரம் புதுசா சாஞ்சிருந்தா அந்த இடத்துக்குக் கீழே நிக்காதே, மழைக்கு ஒதுங்கக்கூட.

மனு எழுதத் தெரியணும்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நாம ஒதுங்கிப் போற வித்தை. எப்பவும் நாமேதான் ஒதுங்கணும்னு எங்கேயும் எழுதி வெக்கலை. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல போட்ட வழக்குலதான், 2025 மே 14-ந் தேதி, நடக்கிறவங்களுக்குப் பாதுகாப்பான நடைபாதை அரசியல் சாசனத்தோட 21-வது பிரிவு தர்ற உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அடிபட்டவங்களை நாம மலையிலேருந்து கீழே கொண்டுபோறதும் பல சமயம் அந்தக் கோயம்புத்தூருக்குத்தான்.

முதல்ல ரோடு யாரோடதுன்னு கண்டுபிடி. தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, ஊராட்சியா, பேரூராட்சியா, எஸ்டேட்டோட சொந்த ரோடா. தப்பான ஆபீஸ்ல குடுத்த மனு அங்கேயே தூங்கும். ஊராட்சின்னா கிராம சபை இருக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம்ம பக்கம் கேத்தி, ஜெகதளா, ஓவேலி மாதிரி நிறைய ஊர் பேரூராட்சி. அங்கே கிராம சபை கிடையாது, செயல் அலுவலரைப் பார்க்கணும். எதுவும் நகரலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், இல்லைன்னா முதல்வரோட உதவி எண் 1100.

மனுவுல ‘பாதுகாப்பு ஏற்பாடு செய்து தரவும்’னு மொட்டையா எழுதாதே. அதுக்குச் செலவு என்னன்னு யாருக்கும் தெரியாது, ஃபைல் நகராது. சின்னதா, எண்ணிக் கேளு. இன்ன வளைவுல உண்ணிச்செடியை வருஷத்துக்கு ரெண்டு தடவை வெட்டணும். இந்தக் கால்வாய்க்கு இத்தனை அடிக்குச் சிலாப் போடணும், மேலே நடக்கலாம். வளைவுல இருக்கிற பஸ் ஸ்டாப்பை நேர் ரோட்டுக்குத் தள்ளணும். லைன் படிக்கட்டுக்கு ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி. எல்லாத்தையும்விடச் செடி வெட்டறதை முதல்ல கேளு: செலவு கம்மி, ஒரே நாள்ல முடியும், வளைவு திறந்து தெரியும். குவி கண்ணாடி வெக்கச் சொல்லிக் கேட்கறவங்க நிறைய. எனக்கு அதுல அவ்வளவு நம்பிக்கை இல்லை, மேகத்துல ஆவி படிஞ்சு பாதி நாள் ஒண்ணும் தெரியாது.

அடி பட்டுட்டா

108. அடிபட்டவரை உட்கார வெச்சுத் தண்ணி குடுக்கிறது, கையைக் காலைப் பிடிச்சுத் தூக்கி ஜீப்புல போடறது ரெண்டும் வேண்டாம். கழுத்தை அசைக்காம வை, ரத்தம் வர்ற இடத்துல துணியை வெச்சு அழுத்திப் பிடி, மேலே சால்வை போர்த்து. வளைவுக்கு ரெண்டு பக்கமும் ஆளை நிறுத்தி வண்டியை மறிக்கச் சொல்லு, இல்லைன்னா உதவிக்கு வந்தவங்களும் அடிபடுவாங்க. உதவி பண்ணினா போலீஸ் தொந்தரவுன்னு பயப்படாதே. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல சேர்த்த 134-ஏ பிரிவு உனக்குப் பாதுகாப்பு. 2021 டிசம்பர்ல வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்துல, அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசாங்கம் பார்த்துக்கும். காப்பீட்டு அட்டை கேட்க மாட்டாங்க, எந்த ஊர்க்காரர்னும் பார்க்க மாட்டாங்க.

போன்ல இடம் சொல்றதுலதான் நேரம் போகுது. ‘டீக்கடை பக்கத்துல’ன்னா ஆம்புலன்ஸ்காரருக்கு எந்த டீக்கடை? கொண்டை ஊசி நம்பர், கிலோமீட்டர் கல்லுல இருக்கிற எண், எஸ்டேட் பேரு, டிவிஷன், ஃபீல்டு நம்பர், இந்த வரிசையில சொல்லு. உன் வழியில இருக்கிற கல்லுங்களோட எண்ணை இன்னைக்கு நடக்கும்போதே பார்த்து போன்ல எழுதி வெச்சுக்கோ. பல கல்லுல பெயின்ட் போயிருக்கும். அதையும் மனுவுல சேர்த்துடு.